மேசை போதுமா, அறை வேண்டுமா?

பழுதான வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களில் பல, தலைமுதல் கால்வரை வெள்ளை உடை போர்த்திய ஊழியர்கள் கண்ணாடிச் சுவர்களுக்குள் குனிந்து வேலை செய்யும் படத்தையே முன்னிறுத்துகின்றன. அந்தப் படத்தைக் காணும் வாடிக்கையாளரும் அத்தகைய அறை இல்லாத இடத்தில் தம் வன்தட்டைக் கொடுப்பது அறிவீனம் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார். திருச்சி மாவட்டத்து முசிறியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரரோ டிடிபி மையம் நடத்துபவரோ, 'டிக், டிக்' என்று ஒலியெழுப்பிவிட்டு நின்றுபோன எக்ஸ்டர்னல் டிரைவைத் திருச்சிக்கு எடுத்துப் போவதா, சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்புவதா என்று தயங்கும்போது, அந்தத் தயக்கத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் இந்தப் படந்தான். படம் பொய்யன்று. ஆனால் தூய்மையாக இருக்கவேண்டியது அறையா, அல்லது திறந்த தட்டின் மேல் பாயும் காற்று மட்டுமா என்ற கேள்வியை அது எழுப்பவிடாமல் செய்துவிடுகிறது.

அக்கேள்விக்கு விடை காண, பேச்சுவழக்கில் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டின் உள்ளமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வட்டுகள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டு, அவற்றின் இரு முகங்களிலும் மிக மெல்லிய காந்தப்படலம் பூசப்பட்டிருக்கிறது. எழுதவும் படிக்கவும் உதவும் 'ஹெட்' என்னும் நுண்ணிய பகுதி, ஒரு கையின் நுனியில் பொருத்தப்பட்டு அப்படலத்தின் மீது நகர்கிறது. மேசைக் கணினிகளில் உள்ள மூன்றரை அங்குல வட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு 125 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம் இழுத்துவரும் காற்றே ஹெட்டைத் தூக்கி நிறுத்துவதால், இயங்கும் நேரத்தில் ஹெட் வட்டைத் தொடுவதில்லை. இன்றைய வன்தட்டுகளில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெளி ஒருசில நானோமீட்டர் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 70,000 நானோமீட்டர். இந்த இடைவெளியை விளக்க, புல்வெளியை உரசாமல் பறக்கும் ஜம்போ விமானத்தை உவமை சொல்லும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. எண்களே போதிய அளவு அச்சுறுத்துவதால் அது இங்குத் தேவைப்படவில்லை.

இந்த நெருக்கம் தொடக்கத்திலேயே இருந்ததன்று. ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்ட 350 என்னும் முதல் வட்டுச் சேமிப்பகத்தில், இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது வட்டுகள் சுழன்றன. அழுத்தமேற்றிய காற்றால் மிதக்கவைக்கப்பட்ட ஹெட், வட்டிலிருந்து ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர், அதாவது 20,000 நானோமீட்டர் விலகி நின்றது. அதனோடு ஒப்பிட்டால் இன்றைய இடைவெளி ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 1973இல் அதே நிறுவனம், வின்செஸ்டர் என்ற பெயரால் அறியப்பட்ட 3340 வகையில் வட்டுகளையும் ஹெட்டுகளையும் ஒரே உறைக்குள் அடைத்தது. இன்றைய வன்தட்டுகள் யாவும் அந்த வழியில் வந்தவையே.

அடைக்கப்பட்ட உறை என்றதும் உள்ளே வெற்றிடம் என்று கருதுவோர் பலர். வெற்றிடமாக இருந்தால் ஹெட் மிதக்கவே முடியாது. வழக்கமான வன்தட்டின் மேல்மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். பக்கத்திலேயே அதை மூடக்கூடாது என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும். வெளியழுத்தம் மாறும்போது அத்துளை வழியே காற்று உள்ளும் புறமும் சென்றுவருகிறது, வழியில் ஒரு வடிகட்டி தூசியைத் தடுக்கிறது. உறைக்குள்ளேயே ஒரு மூலையில் மற்றொரு சிறு வடிகட்டியும் உண்டு. சுழற்சியால் எழும் காற்று திரும்பத் திரும்ப அதன் வழியாகப் பாய்வதால், உள்ளே எப்படியோ புகுந்துவிட்ட துகள்கள் நாளடைவில் அதில் சிக்குகின்றன. தன்னைத் தானே ஓரளவு துப்புரவு செய்துகொள்ளும் ஆற்றல் வன்தட்டுக்கு உண்டு என்ற இந்தச் செய்தி, விவாதத்தின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

தூய்மை அறை, அதாவது கிளீன் ரூம், இன்றைய வடிவத்தைப் பெற்றது அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில். அங்குப் பணியாற்றிய இயற்பியலாளர் வில்லிஸ் விட்ஃபீல்டு, 1960களின் தொடக்கத்தில், தூசியைத் துடைத்து விரட்டுவதை விட்டுவிட்டு, வடிகட்டிய காற்றை ஒரே திசையில் சீராக ஓடவிட்டு, பிறக்கும் தூசியை அப்போதைக்கப்போதே அடித்துச் செல்லும் முறையை வகுத்தார். 1963இல் அமெரிக்க அரசு, ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் எத்தனை இருக்கலாம் என்பதைக் கொண்டு அறைகளை வகைப்படுத்தியது. வன்தட்டுத் துறையில் இன்றும் அடிபடும் 'கிளாஸ் 100' என்பது, நூறு துகள்களுக்கு மேல் இல்லாத அறை. அத்தரநிலை 2001இல் விலக்கிக்கொள்ளப்பட்டு, ஐஎஸ்ஓ 14644 அதன் இடத்தைப் பிடித்தது; பழைய கிளாஸ் 100க்கு நிகரான ஐஎஸ்ஓ 5ஆம் வகுப்பு அறையில் ஒரு கனமீட்டருக்கு 3,520 துகள்கள் வரை இருக்கலாம். அப்பட்டியலின் கடைசிப் படியான 9ஆம் வகுப்பு, அதாவது ஏறத்தாழ சாதாரண அறைக் காற்று, அதைப்போல் பத்தாயிரம் மடங்கு: 3 கோடியே 52 லட்சம்.

இவ்வெண்களை வன்தட்டின் அளவுக்குக் குறுக்கினால் நிலைமை விளங்கும். மூடியைத் திறக்கும்போது உள்ளே நிறையக்கூடிய காற்று பத்தில் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐஎஸ்ஓ 5ஆம் வகுப்புக் காற்றில் மூன்று முறை திறந்தால் ஒருமுறைதான் ஒரு துகள் உள்ளே வரும். சாதாரண அறையில் ஒவ்வொரு முறையும் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட துகள்கள் குடியேறும். ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் ஆடிக் காற்று காவிரி மணலோடு நுண்புழுதியையும் வாரி இறைக்கும் முசிறியில், கதவு திறந்த கடையொன்றில் மின்விசிறிக்குக் கீழே வைத்துத் திறந்தால் கணக்கு இதைவிட மோசமாகும் என்பதில் ஐயமில்லை. அரை மைக்ரோமீட்டர்த் துகள் அசையாக் காற்றில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் அளவே கீழிறங்கும். பத்து மைக்ரோமீட்டர்த் துகளோ ஒரே நிமிடத்தில் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். ஆகவே, திறந்த வட்டின் மேல் விரைவில் வந்து படிவது பெருந்துகள்கள். அவற்றின் முதன்மை ஊற்று மேலே குனிந்து நிற்கும் மனிதரே. அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடமிருந்து நிமிடத்துக்கு ஒரு லட்சம் நுண்துகள்களும், நடமாடும்போது ஐம்பது லட்சம் வரையும் உதிர்வதாக இத்துறைப் பாடநூல்கள் மதிப்பிடுகின்றன. வெள்ளை உடையின் பயன் மனிதரைத் தூசியிடமிருந்து காப்பதன்று, தூசியை மனிதரிடமிருந்து வெளியே விடாமல் தடுப்பதே.

முழு அறை தேவைப்படுவது எங்கே என்பதற்கான விடை இதிலேயே அடங்கியிருக்கிறது. நூற்றுக்கணக்கான ஊழியர்கள் ஒரே கூரையின் கீழ் நடமாடி, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வன்தட்டு பொருத்தும் தொழிற்சாலைக்கு அறை முழுவதும் தூய்மையாக இருந்தாக வேண்டும். மேலும், அங்குப் பிறக்கும் ஒவ்வொரு வன்தட்டும் இரண்டு முதல் ஐந்தாண்டு உத்தரவாதத்தோடு வெளியே செல்கிறது. தரவு மீட்பு வேலையின் இலக்கு அதுவன்று. பழுதான வன்தட்டை மறுபடியும் வாழவைக்க எந்த மீட்பாளரும் முயல்வதில்லை. உள்ளிருக்கும் தரவு முழுவதையும் மற்றொரு வன்தட்டுக்குப் படியெடுத்து முடிக்கும் வரை, சில மணி நேரமோ சில நாளோ அது உயிரோடிருந்தால் போதும். ஐந்தாண்டு ஓட்டத்தைத் தாங்கவேண்டிய பொருளுக்கும் ஐந்து மணி நேர ஓட்டத்தைத் தாங்கவேண்டிய பொருளுக்கும் ஒரே அளவுகோலை வைப்பதே, முழு அறை இல்லாமல் மீட்பு இல்லை என்ற வாதத்தின் அடிப்படைப் பிழை.

சிறிய ஆய்வகங்கள் பயன்படுத்துவது லேமினார் ஃப்ளோ எனப்படும் மேசை. அதன் பின்புறத்திலோ மேற்புறத்திலோ, 0.3 மைக்ரோமீட்டர்த் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதன் வழியே வினாடிக்குச் சுமார் 0.45 மீட்டர் வேகத்தில் காற்று கலங்காமல் இணையோட்டமாக வெளிவந்து, மேசைப்பரப்பின் மீது ஐஎஸ்ஓ 5ஆம் வகுப்புக்கு நிகரான தூய்மையை நிலைநிறுத்துகிறது. திருச்சி மாவட்டத்துக்கு இக்கருவி புதிதன்று. 1993இல் நிறுவப்பட்டு, திருச்சியை அடுத்த தாயனூரில் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் திசு வளர்ப்பு வேலை இத்தகைய மேசையில்தான் நடக்கிறது; முசிறி, தொட்டியம் வட்டாரத்து வாழைத் தோட்டங்களில் நடப்படும் திசு வளர்ப்புக் கன்றுகள், ஏதோ ஓர் ஆய்வகத்தின் வடிகட்டிய காற்றில் குருத்து நறுக்கப்பட்டுக் குப்பியில் இறங்கியவையே. அங்கே பகை பூஞ்சை வித்து, இங்கே பகை புழுதி. இரண்டையும் தடுக்கும் காற்று ஒன்றே. ஒரு வித்து விழுந்தாலும் குப்பி முழுவதும் கெட்டுவிடும் வேலையையே, கட்டடம் முழுவதையும் தூய்மை அறையாக்காமல், மேசையை நம்பிச் செய்ய முடிகிறதென்பது இவ்விவாதத்தில் கணக்கில் எடுக்கத்தக்கது.

ஆயினும் மேசையின் முன் உட்காரும் ஒழுங்கு எளிதன்று. வேலை தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே காற்றோட்டத்தை முடுக்கிவிட்டு, பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வன்தட்டின் வெளிப்புறத்தையும் துடைத்த பிறகே அதை உள்ளே வைக்க வேண்டும். காற்று வரும் திசைக்கும் திறந்த வட்டுக்கும் நடுவே கையோ கருவியோ குறுக்கிடக் கூடாது. நட்சத்திர வடிவத் திருகுகளைக் கழற்றும்போது, லேபிளுக்கு அடியில் மறைந்திருக்கும் ஒன்றை மறந்துவிட்டு மூடியை நெம்புவது கற்றுக்குட்டிகள் வழக்கமாகச் செய்யும் தவறு. மூடி அகன்றதும் வட்டின் மேல் விளக்கொளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்க்கிறார்கள்: மாசற்ற வட்டு முகம் பார்க்கும் கண்ணாடி போலத் தோன்றும், ஹெட் உரசிய வட்டிலோ மங்கலான வளையம் ஒன்று தெரியும். வளையம் இல்லையென்றால், எதிரெதிரே நிற்கும் ஹெட்டுகள் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி சீப்புப் போன்ற ஒரு கருவியை இடையில் செருகி, பழுதான தொகுதியை வெளியே எடுத்து, அதே மாதிரியைச் சேர்ந்த மற்றொரு வன்தட்டிலிருந்து எடுத்த தொகுதியைப் பொருத்துகிறார்கள். டோனர் எனப்படும் அந்த இரண்டாவது வன்தட்டு மாடல் எண்ணில் மட்டும் ஒத்திருந்தால் போதாது. ஹெட்டுகளின் எண்ணிக்கையும் உள்மென்பொருளின் வழியும் ஒத்துவர வேண்டும். டோனர் கிடைக்காமல் வாரக்கணக்கில் காத்திருக்கும் வேலைகள் உண்டு, காற்று தூய்மையாக இல்லாததால் காத்திருக்கும் வேலைகளைக் காட்டிலும் அவை நிச்சயம் அதிகம்.

வேலையின் போது ஒருசில துகள்கள் உள்ளே விழுந்துவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான துகள்கள் சுழற்சியால் வெளிப்புறமாக வீசப்பட்டு, முன்பு சொன்ன உள்வடிகட்டியில் போய்ச் சிக்குகின்றன. ஹெட்டில் மோதும் துகள் உராய்வால் ஒரு கணம் சூட்டை எழுப்ப, அச்சூட்டில் ஹெட்டின் மின்தடை மாறி, இல்லாத சமிக்ஞை ஒன்றைப் படித்ததாகக் காட்டும்; அவ்விடத்தை மறுபடி படித்தால் சரியாகிவிடுவதும் உண்டு. கடினமான துகள் மட்டும் இரண்டுக்கும் நடுவே மாட்டினால் படலம் சுரண்டப்பட்டு, சுரண்டலில் பிறந்த தூள் மேலும் சுரண்ட, சில நிமிடங்களில் வட்டு முழுவதும் அழியக்கூடும். இம்முடிவுகளில் எது நேரும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. மூடியைக் கழற்றிய வன்தட்டு மேசைமேல் வைத்து ஓட்டப்படும் யூடியூப் காட்சிகளைக் காட்டி, தூய்மை அறை என்பதே வியாபாரத் தந்திரம் என்று வாதிடுவோர் இதைக் கவனிப்பதில்லை. அக்காட்சிகளில் ஓடுவது இழந்தாலும் கவலையில்லாத பழைய வன்தட்டு, மீட்பாளரின் கையில் இருப்பதோ ஒரு குடும்பத்தின் ஒரே பிரதி. சுடுநீரை ஓடவிட்டு ஆவி நிரப்பிய குளியலறையில் தூசி படிந்துவிடும் என்று சொல்லி அங்கே வைத்துத் திறக்கச் சொல்லும் யோசனையும் உலவுகிறது. தூசிக்குப் பதில் ஈரத்தை வட்டின் மேல் ஏற்றும் அந்த யோசனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

வன்தட்டைத் திறக்கவே தேவையில்லாத வேலைகள் எத்தனையோ உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சித்திரம் முழுமையடையாது. தவறுதலாக அழித்த கோப்பு, ஃபார்மட் செய்துவிட்ட பிரிவு, வைரஸ் தாக்கிய அடைவு ஆகியவற்றுக்கு மென்பொருள் போதும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களிலும், வேறொரு கருவியின் அடாப்டரை மாற்றிச் செருகும் வீடுகளிலும் முதலில் கருகுவது வன்தட்டின் அடியிலுள்ள போர்டு. காப்பு டையோடை மாற்றியோ, அந்த வன்தட்டுக்கே உரிய அளவீடுகள் பதிந்த சிறு சில்லை மாற்றுப் போர்டுக்குப் பெயர்த்துப் பொருத்தியோ அதைச் சரிசெய்யலாம், உறையின் திருகைத் தொடவேண்டியதில்லை. பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றில் சுழலும் பகுதியே கிடையாது. அவற்றின் சில்லைத் தூசி ஒன்றும் செய்வதில்லை. பென் டிரைவை மீட்கத் தூய்மை அறைக் கட்டணம் கேட்கும் இடம் ஒன்று இருக்குமானால், வாடிக்கையாளர் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

மறுபக்கம், மேசை போதாத இடங்களும் பெருகிவருகின்றன. 2013 நவம்பரில் எச்ஜிஎஸ்டி நிறுவனம் வெளியிட்ட 6 டெராபைட் வன்தட்டிலிருந்து, அடர்த்தியில் காற்றின் ஏழில் ஒரு பங்கேயான ஹீலியம் நிரப்பி முழுவதும் அடைத்த வகைகள் சந்தைக்கு வந்துள்ளன. அவற்றில் மூச்சுத் துளை கிடையாது. ஹெட்டுகள் ஹீலியத்தில் மிதக்கவே வடிவமைக்கப்பட்டவை. அவற்றைத் திறந்தால் தூசியோடு வாயு இழப்பும் சேர்ந்துகொள்ளும் என்பதால், ஐஎஸ்ஓ 5ஆம் வகுப்பு அறை இருந்தும் ஹீலியத்தைக் கையாளும் நுட்பம் இல்லாத ஆய்வகம் கையைப் பிசைய வேண்டியதுதான். நல்வாய்ப்பாக, முசிறியின் ஸ்டுடியோக்களில் கல்யாண ஆல்பங்களைச் சுமந்து நிற்கும் ஒன்று, இரண்டு டெராபைட் எக்ஸ்டர்னல் டிரைவுகள் ஹீலியம் வகையைச் சேர்ந்தவையல்ல.

வெள்ளத்தில் மூழ்கிய வன்தட்டு தனி வகை. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களை நிறைத்த நீரோ, 2018 ஆகஸ்டில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் கரைபுரண்ட நீரோ, மூச்சுத் துளை வழியே வன்தட்டுக்குள் புகுந்தால் வடிகட்டியைக் கடந்து உப்பையும் வண்டலையும் வட்டின் மேல் விட்டுச்செல்லும். அதை வெயிலில் உலர்த்துவதும் அரிசிப் பானையில் புதைப்பதும் வண்டலை வட்டோடு ஒட்டவைக்கும் வேலைகள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, மின்னிணைப்புக் கொடுக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்புவதே முறை. இங்கு மாசு ஏற்கெனவே உள்ளே இருப்பதால், காற்றின் வகுப்பைவிட வட்டைக் கழுவும் திறமையே முடிவைத் தீர்மானிக்கிறது.

இதற்கு இத்துறையின் மிகப் பெயர்பெற்ற சான்று, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரின் உயிரைப் பறித்த கொலம்பியா விண்ணோட விபத்திலிருந்து வருகிறது. 2003 பிப்ரவரி 1 அன்று வானில் சிதறிய அவ்வோடத்தில், செனான் வாயுவின் பாகுநிலையை அளக்கும் ஆய்வின் தரவுகளைத் தாங்கிய 400 மெகாபைட் சீகேட் வன்தட்டு ஒன்று இருந்தது. சுமார் ஆறு மாதத்துக்குப் பின் வற்றிய ஏரிப்படுகை ஒன்றில் கண்டெடுக்கப்பட்டபோது, உறையின் அடைப்பு உருகி உள்ளே மண் புகுந்திருந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் குரோல் ஆன்ட்ராக் நிறுவனம் வட்டுகளை வேதிக் கரைசலில் கழுவி, புதிய உறையில் பொருத்தி, ஏறத்தாழ 99 விழுக்காடு தரவை மீட்டது. ஆய்வு முடிவு 2008இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ ஈ' இதழில் வெளியாயிற்று. அந்நிறுவனத்திடம் முழுத் தூய்மை அறைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் மீட்பைச் சாத்தியமாக்கியவை வட்டுகள் நெளியாமல் தப்பியதும், பழைய டாஸ் இயங்குதளம் தரவை வட்டெங்கும் சிதறவிடாமல் அடுத்தடுத்து எழுதியிருந்ததுமே. அதே ஓடத்திலிருந்து கிடைத்த வேறு இரண்டு வன்தட்டுகளிலிருந்து எதையும் மீட்க இயலவில்லை. காந்தப்படலமே உரிந்துபோன இடத்தில் எந்த வகுப்பு அறையும் எதையும் திருப்பித் தருவதில்லை.

ஆகவே தரவு மீட்புக்கு முழுத் தூய்மை அறை கட்டாயம் என்ற கூற்று, வேலையின் ஒரு சிறு பகுதிக்கே பொருந்துகிறது. தூய்மையான காற்றே வேண்டாம் என்ற கூற்றோ எதற்கும் பொருந்தவில்லை. சரியாகப் பராமரித்த மேசையும் பழகிய கையும் சேர்ந்தால், சாதாரண வன்தட்டின் ஹெட் மாற்றத்துக்கு அவை போதும். பராமரிப்பு என்ற சொல்லை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும்: வடிகட்டி அடைத்துப்போன, ஆண்டுக்கணக்கில் துகள் எண்ணிப் பார்க்காத மேசை, விளக்கெரியும் பெட்டி மட்டுமே. வன்தட்டை ஒப்படைக்கும் முன், அதைத் திறக்கத்தான் வேண்டுமா, திறந்தால் எந்தக் காற்றில், அந்தக் காற்றைக் கடைசியாக அளந்தது எப்போது, டோனர் கைவசம் உள்ளதா என்று வாடிக்கையாளர் கேட்க வேண்டும். அதற்கும் முன்னதாக, 'டிக்' ஒலி கேட்ட வன்தட்டை மறுபடியும் மறுபடியும் செருகிப் பார்ப்பதை அவர் நிறுத்த வேண்டும்; பழுதான ஹெட் சுழலும் வட்டின் மேல் ஓடும் ஒவ்வொரு முறையும், எந்த அறையாலும் மீட்க முடியாத பரப்பு கூடிக்கொண்டே போகக்கூடும்.